செருப்புக்கும் பொட்டு வைத்த வரைபடம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருடமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன்.

பத்திரிகையின் இந்த இடத்தில் வாரா வாரம் எதையோ எழுதியிருக்கிறேன். மோர்க் குழம்பு திரிந்த கதை, பால்குடம் தூக்கிய மறுநாள் கால்வலி, பாசாரில் மீன்காரருடன் நடந்த சண்டை... நீங்களும் படித்துவிட்டு, "எங்க வீட்டுலயும் இதேதான்க்கா" என்று சிரிப்பீர்கள். இந்த ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்லாமல் ஒளித்து வைத்திருந்தேன். எழுத உட்காருவேன். முதல் வரி வரும். உடனே அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வருவது போல இருக்கும். எழுந்து ஓடுவேன். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

போன மாதம் ஒரு போன் வந்தது. அதற்குப் பிறகு ஓட முடியவில்லை.

பேசியவர் குணா அண்ணன். கிள்ளானில் எங்கள் தாமானின், அதாவது நாங்கள் இருக்கும் வீடமைப்புப் பகுதியின், குடியிருப்பாளர் சங்கத் தலைவர். நல்ல மனிதர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக லோரியில் நாற்காலி கொண்டுவந்து இறக்குவார்.

"அக்கா, அந்தப் பழைய மேப் இருக்கா?"

"எந்த மேப் அண்ணே?" என்றேன். தெரியாத மாதிரி. தெரியாமலா இருக்கும்?

"அதான் லா, நீங்க பொட்டு ஒட்டுனது! பவரான மேப்பாச்சே அது. நம்ம கடை வரிசையில மறுபடியும் ஒரு கிளினிக் வருதாம்க்கா, அந்த மெத்தடோன் கிளினிக். முளையிலேயே நிப்பாட்டிடணும். வர்ற ஞாயித்துக்கிழமை காலையில மீட்டிங். கொண்டு வந்துடுங்க."

மெத்தடோன் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஹெராயின் போன்ற பழக்கத்தில் மாட்டிக்கொண்டவர்கள் அதை விடுவதற்காக டாக்டர் கொடுக்கும் மருந்து. சிரப் மாதிரி இருக்கும். தினமும் கிளினிக்குக்கு வந்து, கொடுப்பவர் கண்ணெதிரே ஒரு சின்னக் கப்பில் குடித்துவிட்டுப் போக வேண்டும். ஒரு நாள் விட்டாலும் உடம்பு முறுக்க ஆரம்பித்துவிடும்.

போனை வைத்த கையோடு குணா அண்ணன் ஒரு வீடியோவும் அனுப்பினார். ஏதோ வெளிநாடு. அங்கே சட்டப்படி கஞ்சா விற்கிற கடைகள் இருக்கின்றனவாம். கடை வந்த தெருவெல்லாம் கொள்ளை, அடிதடி என்று ஒருவர் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போகிறார். கீழே குணா அண்ணனின் குரல் பதிவு: "பார்த்தீங்களாக்கா? இதையும் மனுவோட சேர்த்துடலாம். உங்க மேப்பும் இதையேதானே சொல்லுது!"

என் மேப்பும் இதையேதான் சொல்கிறதா?

அந்தச் சனிக்கிழமை கம்யூட்டர் ரயில் பிடித்து பிரிக்பீல்ட்ஸ் போனேன். கேட்டவர்களிடம் கற்பூரம், திரி வாங்கப் போவதாகச் சொன்னேன். உண்மையில் என் மகள் கவிதாவைப் பார்க்கத்தான். அவள் அங்கே ஒரு ஆபீசில் கணக்குப் புள்ளிவிவரம் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். நான் படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்தியவள். அவள் வேலை எனக்கு முழுசாகப் புரிந்ததில்லை. எதையோ எண்ணுகிறாள், அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் — அவ்வளவுதான் தெரியும்.

வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து வீடியோவைக் காட்டினேன்.

"கஞ்சா கடைக்கும் கிளினிக்குக்கும் என்னம்மா சம்பந்தம்? ஒண்ணு போதைய விக்குது, இன்னொண்ணு போதைய விடுறதுக்கு மருந்து குடுக்குது."

"அது இருக்கட்டும்டி. அந்த மாதிரி கடை வந்தா திருட்டு கூடுமா, கூடாதா? அதைச் சொல்லு."

"அதைத்தாம்மா அங்க நிறைய பேரு உட்கார்ந்து எண்ணிக்கிட்டு இருக்காங்க. சில பேரு கூடுதுங்கிறாங்க, சில பேரு இல்லவே இல்லைங்கிறாங்க. இடத்துக்கு இடம் மாறுது. எண்ணுற விதத்துக்கும் மாறுது."

"எண்ணுறதுல என்னடி விதம்? ஒண்ணுன்னா ஒண்ணுதானே?"

அவள் சிரித்தாள். இலையில் ரசம் ஓடுவதைச் சோற்றால் அணை கட்டிக்கொண்டே சொன்னாள்:

"கடை வர்றதுக்கு முன்னாடி அந்தத் தெருவுல எவ்ளோ திருட்டுன்னு தெரியணும்மா. கடையே இல்லாத இன்னொரு தெருவையும் கூடவே எண்ணணும். அதே நேரத்துல அந்த இடத்துல வேற எதுவும் புதுசா நடந்துச்சான்னு பார்க்கணும். யாரு வந்து சொன்னாங்க, யாரு சொல்லாமலே விட்டாங்கன்னு பார்க்கணும். எதெல்லாம் திருட்டு, எதெல்லாம் இல்லைன்னு முதல்லயே முடிவு பண்ணிக்கணும். இல்லாட்டி நாம எதைத் தேடிப் போறோமோ, அதுதான் கண்ணுல படும்."

என் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"என்னம்மா, சாப்பாடு புடிக்கலையா?"

"புடிச்சிருக்கு" என்றேன். சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

ஏனென்றால், அவள் சொன்ன ஒன்றைக்கூட நான் செய்திருக்கவில்லை.

ஏழு வருடத்துக்கு முன்பு முதல் கிளினிக் வந்தபோது எங்கள் தாமானே பதறியது. நானும்தான். கடை வரிசையின் கடைசியில் எங்கள் அம்மன் கோவில். கோவிலிலிருந்து மூன்று கடை தள்ளி அந்தக் கிளினிக். காலையில் நான் விளக்கேற்றப் போகும்போது பத்துப் பதினைந்து ஆண்கள் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு கதவு திறக்கக் காத்திருப்பார்கள். ஒட்டிய கன்னம், குனிந்த தலை. நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேகமாக நடப்பேன். அவர்கள் ஒரு நாளும் என்னை ஏறிட்டுப் பார்த்ததில்லை. ஆனால் பயம் அதையெல்லாம் கவனிக்குமா?

சங்கத்தில் பேசினார்கள். வாயால் சொன்னால் யார் நம்புவார்கள், ஆதாரம் வேண்டும் என்றார்கள். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று நோட்டுப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார்கள். எனக்கு ஒரே பெருமை! படிவம் மூன்று படித்தவளிடம் தாமானே ஒரு பொறுப்பை ஒப்படைக்கிறதே!

வீடு வாங்கியபோது கொடுத்த தாமான் வரைபடம் ஒன்று எங்களிடம் இருந்தது. அதைப் பெரிதாக்கி அட்டையில் ஒட்டினேன். திருட்டு நடந்த இடத்தைக் குறிக்க என்ன செய்வது? பூசையறை டப்பாவில் ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள் கிடந்தன. சிவப்புப் பொட்டு. ஒரு திருட்டுக்கு ஒரு பொட்டு.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் பிரசாத மேசைக்குப் பக்கத்தில் நோட்டோடு உட்காருவேன். பெண்கள் வரிசையாக வந்து சொல்வார்கள். பூந்தொட்டி போச்சு. கொடியில் காய்ந்த சேலை போச்சு. சைக்கிள் போச்சு. எழுதிக்கொள்வேன். சாந்தி என்றொரு தங்கச்சி — இந்தப் பெயரும் அவள் கணவர் பெயரும் நான் மாற்றி வைத்தவை — என் பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருப்பாள். நான் கேட்டால் பொட்டை அட்டையிலிருந்து உரித்துக் கொடுப்பாள்.

அந்த மாதம்தான் எங்கள் கோவிலுக்குக் கும்பாபிஷேகமும் நடந்திருந்தது. தொடர்ந்து நாற்பத்தெட்டு நாள் மண்டலாபிஷேகம். எங்கிருந்தெல்லாமோ கூட்டம். பந்திங் பக்கமிருந்து பஸ் வைத்துக்கொண்டு வந்தார்கள். அவ்வளவு கூட்டம் கூடினால் கோவில் வாசலில் என்ன நடக்கும்? உங்களுக்குத் தெரியும்.

"அக்கா, என் புதுச் செருப்பு போச்சுக்கா! போன வாரம்தான் வாங்கினேன்!"

எழுதினேன்.

"அக்கா, எனக்கும். ஒத்தைச் செருப்பு மட்டும் கிடக்கு!"

அதையும் எழுதினேன். எங்கே பொட்டு ஒட்டுவது? கோவில் வாசலில்தான். கோவில் வாசலுக்கும் கிளினிக்குக்கும் இடையே வரைபடத்தில் அரை விரல் அகலம்கூட இல்லை.

மண்டலாபிஷேகம் முடிவதற்குள் அந்த மூலை முழுக்கச் சிவந்துவிட்டது. அம்மை போட்ட மாதிரி. தாமானின் மற்ற பக்கமெல்லாம் வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் மலைத்துப் போனார்கள். நானும் நம்பினேன். சத்தியமாக நம்பினேன்.

யாரோ அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். மத்தியானம் "கிளினிக்கைச் சுற்றித் திருட்டு" என்று போனது, சாயங்காலம் "கிளினிக்கைச் சுற்றிக் கொள்ளை" என்று எனக்கே திரும்பி வந்தது. மறுநாள் அதில் கத்தி வந்தது. தாலிக்கொடி வந்தது. நான் எழுதிய நோட்டில் கத்தியும் இல்லை, தாலியும் இல்லை. "அப்படி இல்லை" என்று ஒரு வரி போட்டிருக்கலாம். போட்டேனா? எல்லோரும் 'அக்காவின் மேப்' என்று பேசுவது கேட்க நன்றாக இருந்தது.

கடைச் சொந்தக்காரர் பயந்துவிட்டார். குத்தகை முடிந்ததும் நீட்டிக்கவில்லை. கிளினிக் காலி செய்தது. அம்மனுக்கு அர்ச்சனை செய்தோம். தேங்காய் உடைத்தது நான்.

அடுத்த வருடம் ஆடி வெள்ளி. பூசை முடிந்து வெளியே வந்தேன். என் செருப்பைக் காணோம்! உச்சி வெயில், தார் ரோடு. வெறுங்காலில் குதித்துக் குதித்து வீடு வந்து சேர்ந்தேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டுச் சிரிசிரி என்று சிரித்தார்.

"என்னடி, கிளினிக்தான் போயிடுச்சே? இப்ப யாரு எடுத்தா? அம்மனா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கால் கழுவக்கூட இல்லை. நோட்டைத் தேடி எடுத்துப் புரட்டினேன். செருப்பு. செருப்பு. பூந்தொட்டி. செருப்பு. சப்பாத்து. செருப்பு... பாதிக்கு மேல் செருப்பு. கூட்டத்தில் மாற்றிப் போட்டுக்கொண்டு போனது எத்தனையோ, அந்த அம்மனுக்குத்தான் வெளிச்சம்.

கொஞ்ச நாள் கழித்துப் பாசாரில் சைத்தோன் அக்காவைப் பார்த்தேன். தாமானின் அந்தக் கோடியில், சூராவ் என்கிற சின்னப் பள்ளிவாசல் பக்கத்தில் இருப்பவர். பேச்சுவாக்கில் சொன்னார் — கிளினிக் வருவதற்கு முன்பே அவர் சந்தில் இரண்டு மோட்டார் திருடு போயிருக்கிறது. ஒரு வீட்டு இரும்பு கேட்டையே கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"ஏங்க்கா யாருகிட்டயும் சொல்லல?" என்று மலாயில் கேட்டேன்.

"சியாப்பா தான்யா?" என்றார். யார் கேட்டார்கள்?

நியாயம்தானே? நான் நோட்டோடு உட்கார்ந்தது கோவிலில். கோவிலுக்கு வருகிறவர்கள் சொன்னது மட்டுமே என் வரைபடத்தில் ஏறியது. அவர் எப்படி அந்த வரிசையில் வந்து நிற்பார்? அவர் பக்கம் வெள்ளையாக இருந்ததற்குத் திருடன் காரணமில்லை. நான்தான் காரணம்.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் ஆறு வருடம் தயங்கியிருக்க மாட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் சாந்தி கோவிலுக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். உடம்பு சரியில்லையோ என்று பிரசாதம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அவள் கணவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். செல்வம் என்று வைத்துக்கொள்வோம். வேர்த்து ஊற்றியது. கால் தானாக உதறியது. சாந்தி என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கேதான் சொன்னாள். அந்தக் கிளினிக்கில் தினமும் மருந்து குடித்தவர்களில் செல்வமும் ஒருவர். ஆறரைக்குக் குடித்துவிட்டு, ஏழரைக்கெல்லாம் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட்டில் ஏறிவிடுவாராம். கிளினிக் போனதும், ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள வேறு கிளினிக்குக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கே எட்டு மணிக்குத்தான் திறப்பார்கள். வேலைக்குப் பிந்தினார். இன்னும் பிந்தினார். வேலை போனது. அந்த வேதனையில் மருந்தும் தவறியது. பழையது திரும்பி வந்தது.

"நீ ஏன்மா அன்னிக்கே எங்கிட்ட சொல்லல?"

"எப்படிக்கா சொல்றது? எல்லாரும் 'அந்த மாதிரி ஆளுங்க'ன்னு பேசுறப்ப, என் வீட்டுக்காரரும் அதுல இருக்காருன்னா சொல்ல முடியும்?" அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அந்தப் பொட்டைக்கூட நான்தானேக்கா உரிச்சுக் குடுத்தேன்."

செருப்புக் கதையை அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிரசாதத்தை வைத்தேன், திருநீறு பூசினேன், "அம்மா பார்த்துக்குவா" என்றேன். அம்மாவின் பெயரைச் சொல்லி என் தப்பை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு சந்நிதியில் நிற்கும்போதெல்லாம் அவள் பாதத்தைத்தான் பார்ப்பேன். முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தெம்பு இல்லை.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து திரும்பிய அன்றே நேராகச் சாந்தி வீட்டுக்குப் போனேன். செல்வமும் இருந்தார். இப்போது அவர் மறுபடி மருந்தில் நிலையாக நிற்கிறார். ஆனால் காலையில் பாலம் தாண்டிப் போய்வர வேண்டியிருப்பதால் காலை வேலை கிடையாது. ஜெஞ்சாரோமில் ஒரு கிடங்கில் மத்தியான ஷிப்ட், மூட்டை ஏற்றுகிற வேலை. வாரத்தில் ஒரு நாள்தான் பிள்ளைகளை விழித்திருக்கும்போது பார்க்கிறார்.

எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பு, சைத்தோன் அக்கா, நோட்டு... எதையும் விடவில்லை.

சாந்தி கட்டிக்கொண்டிருந்த பூவைக் கீழே வைத்தாள். பிறகு, "செருப்பாக்கா? செருப்புக்கா இத்தனை பாடு?" என்றாள். அவ்வளவுதான். அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செல்வம்தான் பேசினார். "அக்கா, நானும் ஒண்ணு சொல்லிடுறேன். அந்தக் காலத்துல நம்ம சந்துல ஒரு கேஸ் சிலிண்டர் போச்சு, ஞாபகம் இருக்கா? அதை எடுத்தது நான்தான்."

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

"ஆனா அது கிளினிக் வர்றதுக்கு முன்னாடி. மருந்து குடிக்க ஆரம்பிச்ச பிறகு அடுத்தவங்க பொருளைத் தொட்டதில்ல."

பார்த்தீர்களா? நான் தேடித் தேடி அலைந்த திருட்டு உண்மையிலேயே நடந்திருக்கிறது. ஆனால் கிளினிக் வருவதற்கு முன்பு. நான் நோட்டைத் திறந்ததே கிளினிக் வந்த பிறகு!

கிளம்பும்போது சாந்தி வாசல் வரை வந்தாள். "பழைய சூப்பர்வைசர் கூப்பிட்டிருக்காருக்கா. ஃபோர்க்லிஃப்ட் வேலைதான், காலை ஷிப்ட். மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணுமாம். இங்க கிளினிக் வந்தா போகலாம். வரலேன்னா..." முடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பாலாய் ராயாவில் — தாமானின் பொது மண்டபத்தில் — மீட்டிங். குணா அண்ணன் மேப்பை வாங்கி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தார். "பாருங்க. நாம சொல்லல, மேப்பு சொல்லுது!"

நான் எழுந்தேன். "அண்ணே, கொஞ்சம் குடுங்க" என்று வாங்கி மேசையில் வைத்தேன். நோட்டைப் பார்த்துப் பார்த்து, செருப்புக்கு வைத்த பொட்டை ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டி எடுக்க ஆரம்பித்தேன். பழைய பசை, லேசில் வரவில்லை.

"என்னாக்கா பண்றீங்க?"

"இதெல்லாம் கோவில்ல தொலைஞ்ச செருப்பு அண்ணே."

மண்டபமே சிரித்தது. ஒருவர் எழுந்து, "செருப்புன்னா சும்மாவா? என்னோடது பிராண்டட் செருப்பு!" என்றார். இன்னும் சிரிப்பு. பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "அக்காவுக்கு அந்தக் கிளினிக்ல கமிஷன் போல!" அது சுட்டது. ஆனாலும் நான் நிறுத்தவில்லை. சுரண்டி முடித்தபோது கோவில் பக்கம் நாலைந்து பொட்டுதான் மிஞ்சியது. பிறகு, நான் கேட்டுக்கொண்டதற்காக வந்திருந்த சைத்தோன் அக்காவை அழைத்தேன். அவர் தம் பக்கத்தில் போன மோட்டார், கேட் எல்லாவற்றையும் விரல் வைத்துக் காட்டினார். ஒட்டினேன்.

சிரிப்பு அடங்கிவிட்டது.

குணா அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "சரிக்கா, மேப்பை விடுங்க. அந்த மாதிரி ஆளுங்க நம்ம பொம்பளைங்க நடக்கிற இடத்துல நிப்பாங்களே? அவங்க யாரு, எப்படிப்பட்டவங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

நான் யாரையும் காட்டிக்கொடுப்பதாக இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

"நான்தான் அண்ணே."

கடைசி வரிசையில் செல்வம் எழுந்து நின்றார். பக்கத்தில் சாந்தி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவர் கையை விடவில்லை.

குணா அண்ணன் அவரையே பார்த்தார். ஒவ்வொரு சாவு வீட்டிலும் லோரியிலிருந்து அவரோடு சேர்ந்து நாற்காலி இறக்குகிறவர் செல்வம்தான்.

"நீயா தம்பி?"

"ஆமாண்ணே. ஏழு வருஷமா. நடுவுல கொஞ்ச நாள் விழுந்துட்டேன்."

யாரும் கைதட்டவில்லை. அப்படியெல்லாம் நடக்காது. பத்துப் பேர் எழுந்து முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார்கள். குணா அண்ணன் மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "கிளினிக் வரட்டும். எண்ணிப் பார்ப்போம். ஆனா இந்தத் தடவை இன்னையிலிருந்தே, எல்லாச் சந்துலயும்" என்றார். நோட்டு இப்போது என்னிடமும் சைத்தோன் அக்காவிடமும் இருக்கிறது. திருட்டு கூடினால் கூடியது என்றே எழுதுவோம். அதற்கும் நான் தயார்தான்.

செல்வம் சூப்பர்வைசருக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

அச்சுக்கு அனுப்பும் முன் இதை அவர்கள் இருவருக்கும் படித்துக் காட்டினேன். சிலிண்டர் விஷயத்தை எடுத்துவிடவா என்றேன். "இருக்கட்டும்க்கா, நடந்ததுதானே" என்றார் செல்வம். ஆனால் ஓரிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். 'இன்று அவர் முழுக்கத் திருந்திவிட்டார்' என்று எழுதியிருந்தேன்.

"அதை எடுத்துடுங்கக்கா. நான் இன்னமும் மருந்து குடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நாளைக்கும் குடிக்கணும். திருந்திட்டான்னு போட்டா, அப்புறம் கிளினிக் எதுக்குன்னு கேப்பாங்க."

அடித்துவிட்டேன்.

ஆகவே உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதை நாலு பேருக்கு அனுப்பத் தோன்றினால் தாராளமாக அனுப்புங்கள் — ஆனால் இருக்கிறபடியே அனுப்புங்கள். என்னை நல்லவளாக்க வேண்டாம், அவரை மகானாக்க வேண்டாம். ஒரு மனிதர் தினமும் காலையில் மருந்து குடிக்கிறார், ஏழரைக்கு வேலையில் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்காதீர்கள்.